பூசினாற்போல

கொழுப்புகள் நீரில் கரையாதவை. நீரில் கரையாதவை என்று எழுதிய பிள்ளைக்கு அரை மதிப்பெண், ஈதரிலும் பென்சீனிலும் கரையும் என்று சேர்த்து எழுதியிருந்தால் இன்னொரு அரை, விடைக்குறிப்பில் அப்படித்தான் போட்டிருக்கிறது, எனக்குப் புதிதாக யோசிக்க ஒன்றும் இல்லை, சிவப்புப் பேனா யோசித்துக்கொள்ளும். மே மாத வெயில் ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்க்கிறது. மேலே ஃபேன் சுற்றுகிறது, சத்தம் மட்டும் வருகிறது, காத்து வரவில்லை. பிளஸ் ஒன் பொதுத்தேர்வின் உயிரியல் தாள் திருத்த எங்களை இந்தப் பள்ளிக்கூடத்தில் அடைத்துவைத்திருக்கிறார்கள், திண்டுக்கல்லில் இதைவிட இறுக்கமான வகுப்பறை இருந்தால் அதைத்தான் அடுத்த வருஷம் தருவார்கள். வாசலிலேயே போனை அணைத்து, உறையில் பேரெழுதித் தலைமை ஆசிரியர் அறையில் போட்டுவிட்டு வர வேண்டும், மதிய இடைவேளையில்தான் கையில் கிடைக்கும். அதனால் இப்போது யாரையும் கூப்பிட முடியாது. கூப்பிட முடியாது என்பது எனக்குச் சௌகரியமாகவும் இருக்கிறது, அதை ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். நாளைக்குக் கரூரிலிருந்து என் மகள் தாரணிக்குப் பூ வைக்க வருகிறார்கள். பூ வைத்துவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி, அப்புறம் பின்வாங்கினால் ஊர் வாயில் விழ வேண்டும். வேண்டாம் என்று சொல்வதானால் இன்று மதியத்துக்குள் சொல்லிவிட வேண்டும், அவர்கள் பூவும் பழமும் வாங்கக் கிளம்புவதற்கு முன்னால். ஆனால் நான் எதற்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நல்ல இடம், ஒரே பையன், பெண்ணைப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது என்றார்கள். அடுத்த தாள். கொழுப்புகள் நீரில் கரையாதவை. அரை.

ஒரு கிளிசரால் மூலக்கூறோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் சேர்ந்தால் ட்ரைகிளிசரைடு. படம் வரைந்திருக்கிறது இந்தப் பிள்ளை, சீப்பு மாதிரி, முதுகு ஒன்று, பல் மூன்று, பல்லெல்லாம் ஒரே நீளத்துக்கு ஸ்கேல் வைத்து இழுத்திருக்கிறது. நானும் வகுப்பில் சீப்பு என்றுதான் சொல்லுவேன், தலை சீவும்போது ஞாபகம் வரட்டும் என்று. தாரணியின் சீப்பில் இப்போதெல்லாம் பந்து பந்தாக முடி. தண்ணி சேரவில்லை என்றேன் நான், போரிங் தண்ணி, உப்பு. வாளியில் காவிரித் தண்ணி பிடித்து வைத்தேன் தலைக்கு ஊற்ற. உயிரியல் டீச்சர் செய்கிற வேலையா இது. இன்று காலையில் நாளைக்கு உடுத்தப்போகிற பட்டுச்சேலையின் ரவிக்கையைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன், தையற்காரர் பிடித்துப் பிடித்துத் தைத்தும் தோளில் நிற்காமல் நழுவியது, பின்னால் நின்று ஊக்கு மாட்டினேன். முதுகெலும்பு கணுக்கணுவாகத் தெரிந்தது. கையை வருடித் தோளைப் பிடித்தபோது ஒரு மென்மையான ரோமம், பிறந்த குழந்தையின் நெற்றியோரத்தில் இருக்குமே, அந்த மாதிரி, முழங்கையிலிருந்து தோள் வரைக்கும். முன்னால் அது இருந்ததில்லை, இந்தக் கைக்கு எண்ணெய் தேய்த்து வளர்த்தவள் நான், எனக்குத் தெரியாதா. தோல் ஜில்லென்று இருந்தது. இந்த வெயிலில், காலையிலேயே எனக்கு வேர்த்து ஒழுகிக்கொண்டிருக்கும்போது, அவள் தோல் ஜில்லென்று இருந்தது. "இன்னும் ஒரு பிடி பிடிச்சுரலாம் தாரணி" என்றேன். "சரிம்மா" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. நான் பஸ்ஸுக்கு ஓடி வந்துவிட்டேன்.

தோலுக்கு அடியில் உள்ள கொழுப்புப் படலம் உடலின் வெப்பத்தைக் காக்கிறது. அரை. போட்டாயிற்று. போட்ட கை அப்படியே நிற்கிறது. படலம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று விடைக்குறிப்பில் இல்லை, பாடத்திலும் இல்லை, ஆனால் எனக்குத் தெரியும். உடம்பு தானே ஒரு போர்வை நெய்துகொள்ளப் பார்க்கும், தோல்மேல் ரோமம் முளைக்கும். படித்திருக்கிறேன். எம்.எஸ்ஸி.யில் படித்தேனோ, பத்திரிகையில் படித்தேனோ, எங்கேயோ. காலையில் ஊக்கு மாட்டும்போதே தெரிந்துவிட்டது, தெரிந்ததைப் பிடித்துக் கீழே அமுக்கிவிட்டு ஒரு பிடி பிடிக்கலாம் என்றேன். எனக்குப் பக்கத்து மேஜையில் ஸ்டெல்லா டீச்சர், கூட வேலை பார்க்கிறவள், நல்லவள், வாய் மட்டும் ஓயாது. டீயும் வடையும் வந்ததும் செய்தித்தாளில் வைத்து வடையை நீட்டினாள். "சாப்பிடுங்க டீச்சர், நாளைக்குப் பொண்ணுக்குப் பூ வைக்கிறாக, இன்னைக்கு என்ன விரதமா." வடையை எடுத்த இடத்தில் தாளில் வட்டமாக எண்ணெய் ஊறி, பின்பக்கத்து எழுத்து தெரிகிறது. கொழுப்புக்குச் சோதனையே இதுதான், தாளில் தேய்த்தால் ஒளி கசியும் கறை. தாரணி இந்த வடையைப் பார்த்தால் கையால் தொட மாட்டாள். தொட்டால் விரலைச் சோப்புப் போட்டுக் கழுவுவாள். கழுவிய விரலை முகர்ந்து பார்ப்பாள். நான் அடுப்படியிலிருந்து பார்த்திருக்கிறேன், பார்த்துவிட்டு ஒன்றும் பார்க்காதவள் மாதிரி ரசத்தை இறக்கியிருக்கிறேன்.

பூசினாப்ல. அந்த வார்த்தையில்தான் ஆரம்பம். போன வருஷம் மதுரையிலிருந்து ஒரு குடும்பம் பார்க்க வந்தது, கேசரி தின்றார்கள், பஜ்ஜி தின்றார்கள், இன்னொரு தட்டும் வாங்கித் தின்றார்கள், வாசல்படி இறங்கும்போது அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல இருக்கு, அதான் யோசிக்கிறோம்" என்றாள். குண்டு என்று சொல்லவில்லை, நாசூக்கானவர்கள். தாரணி அடுப்படியில் இருந்தாள், காது கூர்மை அவளுக்கு. அங்கேயிருந்தே, கார் கதவு சாத்துகிற சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி, "வெறும் பூச்சுதான், அடுத்த வாட்டி சுண்ணாம்பு அடிச்சுட்டுக் கூப்பிடுறோம்னு சொல்லும்மா" என்றாள். என் வீட்டுக்காரர் பேப்பரை முகத்துக்கு மேலே தூக்கிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்திருக்கலாம். சிரிக்க வேண்டிய பேச்சுதான் அது. எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது, அடுப்படிக்குப் போய், "கொழுப்பு. உடம்பு பூராக் கொழுப்பு, வாய் பூராக் கொழுப்பு. இதெல்லாம் வத்தினாத்தான் ஒனக்குக் கல்யாணம்" என்றேன். உடம்பைச் சொன்னேனா வாயைச் சொன்னேனா எனக்கே தெரியவில்லை, கொழுப்பு என்று ஒரே சொல்லாக வைத்துத் தொலைத்திருக்கிறார்கள் இரண்டுக்கும். அவள் எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. இரண்டையும்தான் எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. நெய் டப்பா பரண் மேலே போனது என் கையால். அவள் பருப்புச்சோற்றுக்கு நடுவில் குழி பறித்து நெய்க்குக் காத்திருக்கிறவள், குழி பறித்தாள், நான் ரசத்தை ஊற்றினேன். அதற்கு மறுநாள் குழி பறிக்கவில்லை. கொஞ்ச நாளில் பருப்பு வேண்டாம் என்றாள், அப்புறம் தாளிக்காமல் கொடு என்றாள், அப்புறம் ராத்திரிக்கு வெள்ளரிக்காய் போதும் என்றாள். நான் மனசுக்குள் சந்தோஷப்பட்டேன். கடவுளே, நான் சந்தோஷப்பட்டேன். சுடிதாரைப் பிடித்துத் தைக்கக் கொடுக்கும்போது பக்கத்து வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

செல் சவ்வு இரண்டு அடுக்குப் பாஸ்போலிப்பிடுகளால் ஆனது, அவற்றின் தலை நீரை விரும்பும், வால் நீரை வெறுக்கும். அழகான கையெழுத்து, முத்து முத்தாக. தலைகளெல்லாம் வெளியே பார்த்து நிற்க, வால்களெல்லாம் உள்ளுக்குள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு ஒளிந்திருக்கின்றன. நாலு பேர் பார்க்க ஒரு முகம், உள்ளே மறைக்க ஒரு வால், எங்கள் வீடு மாதிரிதான். இந்த மெல்லிய கொழுப்புப் படலம் கிழிந்தால் செல் செத்துப்போகும், உள்ளே எது வரலாம், எது வெளியிலேயே நிற்கட்டும் என்று பார்த்துக்கொள்வது அதன் வேலை, வகுப்பில் எப்போதும் இதைக் கொஞ்சம் உருகித்தான் சொல்லுவேன், உயிர் என்பதே ஒரு எல்லை போட்டுக்கொள்வதுதான் பிள்ளைகளா, கொழுப்பில்லாவிட்டால் உள் என்றும் இல்லை, வெளி என்றும் இல்லை. பிள்ளைகள் கொட்டாவி விடும். தாரணி எதையும் சும்மா உள்ளே விடுகிற பெண்ணா என்ன. யாராவது ஒரு சொல் எறிந்தால் அது போய்ச் சேருவதற்குள் திருப்பி எறிந்துவிடுவாள், என்னைக்கூட விட மாட்டாள், நான் ஒரு சேலை எடுத்துக் கட்டினால், "இதக் கட்டிட்டுப் போனா பஸ்ஸுக்குக் கை காட்ட வேணாம்மா, தானா நிக்கும்" என்பாள். அந்த வாய் எங்கே போனது. இப்போது சரிம்மா. காபி குடிக்கிறியா, வேணாம்மா. கரூர்க்காரங்களுக்கு ஒன்னப் பிடிச்சிருக்காம், சரிம்மா. ஒனக்குப் பிடிச்சிருக்கா என்று நான் கேட்டேனா. கேட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் இவ்வளவு நாளும். இப்போது உட்கார்ந்து தேடிப் பார்க்கிறேன், எந்த நாள், எந்த இடத்தில் நின்று கேட்டேன், அவள் என்ன சொன்னாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

கொலஸ்ட்ராலிலிருந்து ஸ்டீராய்டு ஹார்மோன்கள் உருவாகின்றன, எடுத்துக்காட்டு ஈஸ்ட்ரோஜன். ஒன்று. இதைப் படிக்கும்போதெல்லாம் அலமாரியின் கீழ்த்தட்டு கண் முன்னால் வருகிறது. அங்கே வாங்கி வைத்த நாப்கின் பாக்கெட் பிரிக்காமல் கிடக்கிறது. நான் பார்த்தேன், பொங்கலுக்குச் சுத்தம் பண்ணும்போது பார்த்தேன், அப்புறமும் பார்த்தேன். கொழுப்பு ஒரு அளவுக்குக் கீழே போனால் மூளை, இந்த உடம்பில் இன்னொரு உயிருக்கு இடமில்லை என்று முடிவு பண்ணிக் கருப்பைக்கு ஆள் அனுப்பிக் கடையைச் சாத்தச் சொல்லிவிடும். இதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு என்ன செய்தேன். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். படிக்காத பொம்பிளை நினைத்தால் மன்னிக்கலாம். டாக்டரிடம் போனால் இந்த ஊரில் யார் கண்ணிலாவது படும், மாதவிடாய் வராத பெண் என்று கரூர் வரைக்கும் சேதி போகும், பூ வைக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் என்றால் எப்போது. இன்று காலையில் மாடிப்படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாளே. கண்ணுக்குப் பின்னால்கூட ஒரு கொழுப்பு மெத்தை உண்டு, அதன்மேல்தான் கண் உட்கார்ந்திருக்கிறது, அது கரைந்தால் கண் உள்ளே போய்விடும். பெண் பார்க்க வந்தபோது பையனின் அம்மா, அந்தக் கரூர் அம்மாள், சொன்னாள், "பொண்ணு கண்ணு நல்லா ஆழமா, சாமி செலையாட்ட இருக்குதுங்க. இப்படி மெலிசா இருந்தாத்தானுங்க எங்க குடும்பத்துக்குச் சரிப்பட்டு வரும், குண்டாப் போயிட்டா எங்க பையனுக்கு ஆவாதுங்க." அவள் சொன்னபோது நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அங்கே போய் இவள் தின்ன ஆரம்பித்தால் அந்த வீட்டுக்கு ஆகாது. தின்னாமல் இருந்தால் இவளே இருக்க மாட்டாள். இதயத்தைச் சுற்றி, சிறுநீரகத்தைச் சுற்றி, உடம்பு கடைசியாகக் கை வைக்கிற கொழுப்பு ஒன்று இருக்கிறது, அதுவும் தீர்ந்தால் தசையைத் தின்னும், இதயமும் தசைதான். பேனாவை மூடி வைத்தேன். வடையை நான் தொடவில்லை, அதுவும் ஆறிப்போனது.

ஸ்டெல்லா டீச்சர் ஒரு தாளை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "இங்க பாருங்கப்பா, ஒருத்தன் எழுதியிருக்கான்." திருத்துகிற தாளை வாய்விட்டுப் படிக்கக் கூடாது, எங்களுக்கெல்லாம் மேலே இருக்கிற குருநாதன் சார் பார்த்தால் சத்தம் போடுவார், அவர் டீ குடிக்க வெளியே போயிருந்தார். படித்தாள். கொழுப்புகளின் அமைப்பையும் உயிரியல் பணிகளையும் விளக்குக என்பதற்கு, கொழுப்பு என்பது சிலருக்குப் பிறவியிலேயே உண்டு, சிலருக்குப் பத்தாம் வகுப்பு வந்த பிறகு வரும். கொழுப்பு உள்ளவர்கள் ஆசிரியர் சொன்னதைத் திருப்பிக் கேள்வி கேட்பார்கள். கொழுப்பு இல்லாதவர்கள் சொன்ன இடத்தில் உட்காருவார்கள். கொழுப்பு குறைய முட்டி போட வேண்டும். கொழுப்பு முழுவதும் குறைந்துவிட்டால் அந்த மாணவன் நல்ல மாணவன் ஆகிவிடுவான், அவனால் யாருக்கும் தொந்தரவு இருக்காது. வகுப்பறை முழுக்கச் சிரிப்பு. பாடம் தெரியாமல் எழுதினானா, வேண்டுமென்றே எழுதினானா, அதில்கூட ஆளுக்கொரு கட்சி. நானும் சிரித்தேன், வாய் சிரித்துக்கொண்டே இருந்தது, நிறுத்த முடியவில்லை, சிரிப்பு எங்கேயோ ஓரிடத்தில் தடுக்கி வேறொன்றாக மாறியது. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். "என்ன டீச்சர், என்ன ஆச்சு" என்று ஸ்டெல்லா டீச்சர் எழுந்து வந்தாள். புரை ஏறிவிட்டது என்றேன். தண்ணீர் கொடுத்தாள். "அவனுக்கு என்ன போடப் போறீங்க" என்று கேட்டேன். "என்னத்தப் போட, முட்டைதான். கிளிசரால்னு ஒரு வார்த்தை இருந்தாக்கூடப் பிச்சை போடலாம்." முட்டைதான். நானாக இருந்தாலும் முட்டைதான் போடுவேன். நல்ல பெண் ஆகிவிட்டாள், யாருக்கும் தொந்தரவு இல்லை. நெய் டப்பாவைப் பரணில் வைத்த கையை என்ன செய்வது.

மணி அடித்ததும் விடைத்தாள் கட்டைக் கட்டி ஒப்படைத்துவிட்டு, சாப்பாட்டு வரிசைக்குப் போகாமல் போனை வாங்கிக்கொண்டு சைக்கிள் நிறுத்துகிற தகரக் கொட்டகைக்குப் போனேன். வெயிலில் தகரம் கொதித்தது. முதலில் யாருக்கு என்று யோசித்தால் யோசித்துக்கொண்டேதான் நிற்பேன் என்று கரூருக்கே போட்டேன். அந்த அம்மாள் எடுத்தவுடன், "ஏனுங்க, நாங்க பூவுக்குச் சொல்லியாச்சுங்க" என்றாள். "நாளைக்கு வர வேண்டாங்க" என்றேன். "என்னங்க, ஏதாச்சும் தீட்டுங்களா, அடுத்த முகூர்த்தம் பாக்கலாங்களா" என்றாள். தீட்டு என்றால் நல்லதாகவே இருந்திருக்கும், ஆமாம் என்று சொல்லிவிட்டால் கதவு திறந்தே இருக்கும், ஊருக்கும் ஒன்றும் தெரியாது, நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. "இல்லைங்க. பொண்ணுக்கு உடம்பு சரியில்ல. சாப்பிட மாட்டேங்கிறா. ரொம்ப இளைச்சுட்டா, மாசாமாசம் வர்றதும் நின்னுபோச்சு. டாக்டர்கிட்டக் காட்டணும். எத்தனை நாள் ஆகும்னு தெரியாது, நீங்க வேற இடம் பாத்துக்கங்க." "மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே" என்றாள், கோபமாகக்கூட இல்லை. சொல்லியிருக்கலாம். உங்களிடம் இல்லை, தாரணியிடம். இன்று சாயங்காலத்துக்குள் கரூரில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும், தெரியட்டும். என் வீட்டுக்காரருக்கு என்ன சொல்வது என்று ஒரு பயம் தலை தூக்கியது, அவர் போன மாசமே "என்னடி பிள்ள இப்படி இளைச்சுப் போச்சு" என்றவர்தான், இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் என்று அவர் வாயை அடைத்தவளும் நான்தான்.

தாரணிக்குப் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. மயங்கிக் கிடக்கிறாளோ என்று ஒரு நிமிஷத்துக்குள் குளியலறை, மாடிப்படி, கிணற்றடி எல்லாவற்றிலும் அவளைப் போட்டுப் பார்த்துவிட்டேன். எடுத்தாள். "சொல்லும்மா." தூக்கத்திலிருந்து வருகிற குரல், போர்வைக்குள்ளிருந்து பேசுகிற குரல். "நாளைக்கு அவங்க வரல. நான் வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன், சந்தோஷத்தில் அழுவாள், அம்மா என்பாள், நானும் அழலாம் என்று நானே எனக்கு ஒரு காட்சி போட்டு வைத்திருந்தேன். "ஏன்" என்றாள். "ஒனக்கு ஒடம்பு சரியில்ல தாரணி. எனக்குத் தெரியும். ரொம்ப நாளாவே தெரியும்." "தெரியும்ல" என்றாள். "தெரிஞ்சுதான இன்னைக்குக் காலையிலயும் ஒரு பிடி பிடிக்கலாம்னு சொன்ன. வரச் சொன்னப்பவும் என்னையக் கேக்கல, வேணாம்னு சொன்னப்பவும் என்னையக் கேக்கல. எனக்கு அவரப் பிடிச்சிருந்தா என்ன பண்ணுவ." நான் கொட்டகையின் இரும்புத் தூணில் கை வைத்தேன், சுட்டது, எடுக்கவில்லை. பிடித்திருந்ததா. எனக்குத் தெரியாது. பெற்று வளர்த்த எனக்கு அது தெரியாது. "பிடிச்சிருந்துச்சா" என்று கேட்டேன். "அதை ஒன்கிட்டச் சொல்ல மாட்டேன்" என்றாள். குரல் உயரவில்லை. தப்பு பண்ணிட்டேன் என்றேன், மன்னிச்சுக்க என்றேன், போனில் இதெல்லாம் என்ன மாதிரி கேட்கும் என்று தெரியவில்லை. "சாயங்காலம் டாக்டர்கிட்டப் போவோமா" என்று கேட்டேன். போவோம் என்று சொல்லாமல், போவோமா என்று கேட்பதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியிருந்தது. "வர்றேன்" என்றாள். "ஆனா நான் மட்டும்தான் உள்ள போவேன். நீ வரக் கூடாது. டாக்டர்கிட்ட நான் என்ன சொன்னேன்னு அப்புறமும் கேக்கக் கூடாது. நீ வெளியில உக்காந்திரு." வெளியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னேன்.